பதினெட்டு ஆண்டு வேலை செய்தும் புது ஆள்

2020 ஜூன் 2. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்பில் இருந்த நேரம். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே, வார்டுகளைக் கூட்டித் துடைக்கும் தொழிலாளர்களுக்காக அவர்களின் சங்கம் பதாகை பிடித்து மறியல் செய்தது. போலீஸ் வந்து ஐந்து பேரைக் கைது செய்தது. அவர்களில் ஒருவர் சரஸ்வதி முத்து. அப்போது மலேசிய சோசலிசக் கட்சியின் துணைத் தலைவர், மருத்துவமனைத் துணைச்சேவைத் தொழிலாளர் சங்கத்தின் நிர்வாகச் செயலாளர். கைதானவர்கள் பிறகு ஈப்போ நீதிமன்றத்திலும் நிறுத்தப்பட்டார்கள்.

பாதுகாப்புக் கவசம் போதவில்லை, சங்கத்தில் முன்னால் நிற்பவர்களுக்கு நெருக்கடி தருகிறார்கள் என்பவை சங்கம் அப்போது எழுப்பிய குறைகள். துப்புரவுப் பணியை எடுத்து நடத்திய எட்ஜென்டா யுஇஎம்எஸ் நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. செய்தி சில நாள் ஓடியது. கைதைக் கண்டித்தவர்கள் பலர். ஆனால் அந்த மறியலுக்கு அடியில் இருபது ஆண்டுக்கும் மேலாகப் புகைந்துகொண்டிருக்கும் ஒப்பந்தத் தகராறு என்ன, அது ஏன் தீரவில்லை என்று பொறுமையாக விளக்கியவர்கள் குறைவு. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது பேராக் தமிழர்களான நம் வீட்டுப் பெண்களின் தகராறு.

ஈப்போ, தைப்பிங், தெலுக் இந்தான், பத்து காஜா, சுங்கை சிப்புட், தாப்பா, சிலிம் ரிவர் என்று பேராக்கில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும், மோப்பும் வாளியுமாக நடக்கும் அக்காமார்களில் நம் முகங்கள் நிறைய இருக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். பேச்சுக் கொடுத்தால் இப்போது குடியிருக்கும் தாமான் பெயருக்கு முன்னால் ஒரு தோட்டத்தின் பெயர் வரும். சுங்கை சிப்புட் பக்கம் என்றால் எல்பில் என்பார்கள், கமுனிங் என்பார்கள், டோவன்பி என்பார்கள்.

கோலகங்சாரில் 1877-இல் ஊன்றிய ரப்பர்க் கன்றுகளிலிருந்துதான் இந்த மாநிலத்தின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. நூறு ஆண்டு கழித்து அதே மண்ணில் பால் மரங்கள் சாய்ந்து செம்பனை ஏறியது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு ஈப்போவைச் சுற்றிய நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விலை போனது. வேலை போனபோது வீடும் போனது, வீடு கம்பெனியுடையது என்பதால். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மதியம் பால் நிறுத்து முடியும்வரை ஓடிய பெண்களுக்குப் பட்டணத்தில் கிடைத்த வேலை என்ன? இளம் பிள்ளைகளைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடத்துக் கழிவறையும் ஆஸ்பத்திரி வார்டும்தான்.

தோட்டத்தில் குறைக்குப் பஞ்சமில்லை. சம்பளம் குறைவு, லயத்து வீடு ஒழுகும், கிராணியின் பேனாவுக்குப் பயந்து வாழ வேண்டும். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், பெயர் ஏறிய நாள் அப்படியே நின்றது. துரை மாறுவார், ஏஜென்சி ஹவுஸ் மாறும், வேலைக்குச் சேர்ந்த தேதி மாறாது. அந்தத் தேதியைத்தான் ஆஸ்பத்திரி வேலை இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது.

குத்தகை வந்த விதம்

1996 வரை அரசு மருத்துவமனைகளில் கூட்டுவதும் துடைப்பதும் துணி வெளுப்பதும் அரசாங்க ஊழியர்களின் வேலையாக இருந்தன. அவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு, சேவை ஆண்டுக்குக் கணக்கு உண்டு. அந்த ஆண்டு சுகாதார அமைச்சு ஐந்து துணைச்சேவைகளைப் பதினைந்து ஆண்டுச் சலுகை ஒப்பந்தத்தில் தனியாரிடம் கொடுத்தது. கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றல் ஆகியவை அவை. நாட்டை மூன்று நிறுவனங்கள் பிரித்துக்கொண்டன. பேராக் உள்ளிட்ட வட மாநிலங்கள் ஃபேபர் மெடி-சர்வ் கையில் வந்தன. ஃபேபர் குழுமத்தின் பெயர் 2015-இல் யுஇஎம் எட்ஜென்டா என்று மாறியது. அதே ஆண்டு அடுத்த பத்தாண்டு ஒப்பந்தமும் தொடங்கியது.

மேலே ஒரே நிறுவனம், சரி. கீழே துப்புரவு வேலை துணைக் குத்தகைக்காரர்களிடம் போனது. அவர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பழைய குத்தகைக்காரரின் காலம் முடிகிறது. புதியவர் வருகிறார். வார்டு அதே வார்டு, சிஸ்டர் அதே சிஸ்டர், மோப் வைக்கும் அறைச் சாவியும் அதே அக்காவின் இடுப்பில். கையெழுத்துப் போட ஒரு புதிய வேலைக் கடிதம் மட்டும் வருகிறது. அதில் வேலை தொடங்கும் தேதி என்ற இடத்தில் அந்த மாதத்தின் முதல் நாள். அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி ஒரு வரி இருக்காது. 2020 ஜனவரியில் துணைக் குத்தகைக்காரர்கள் விலகி எட்ஜென்டா யுஇஎம்எஸ் நேரடியாக ஆட்களை எடுத்தபோதும், எத்தனை ஆண்டுச் சேவை கணக்கில் வரும் என்பதே தொழிலாளர்களின் பெரிய கேள்வியாக இருந்தது.

சம்பளம் குறையவில்லையே, வேலை போகவில்லையே, தேதி மாறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஆண்டு விடுப்பைச் சேவைக் காலத்தோடு கட்டி வைத்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டில் ஆண்டுக்கு 8 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை 12 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் 16 நாள். மருத்துவ விடுப்பு, அதாவது எம்சி, இதே படிகளில் 14, 18, 22 நாள். ஒரு பெண் ஈப்போ ஆஸ்பத்திரியில் தொடர்ந்து பதினெட்டு ஆண்டு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேவை அறுபடாமல் இருந்தால் அவருக்கு மொத்தம் 260 நாள் ஆண்டு விடுப்பு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குத்தகை மாறி, ஒவ்வொரு தடவையும் புது ஆளாக எழுதப்பட்டால்? மூன்று ஆண்டில் எட்டு, எட்டு, பன்னிரண்டு என 28 நாள். ஆறு தடவைக்கு 168 நாள். 92 நாள் போய்விட்டது. எம்சி கணக்கிலும் அதே 92 நாள் குறையும். பதினாறு நாள் விடுப்பு என்ற படியை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொடமாட்டார்.

தொண்ணூற்றிரண்டு நாள் என்பது வெறும் எண் இல்லை. தைப்பூசத்துக்கு முதல் நாள் கல்லுமலைக் கோயிலுக்குப் போக முடியாமல் ஷிப்டில் நின்ற நாள் அது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாள் அது. முதுகு வலியோடு எம்சி தீர்ந்துபோய் வேலைக்கு வந்த நாளும் அதுதான்.

இழப்பு இத்தோடு நிற்கவில்லை. ஆள்குறைப்பு நேர்ந்தால் 1980-ஆம் ஆண்டு பணிநீக்க விதிகள்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் சேவை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடு. பதினெட்டு ஆண்டுக்கு 360 நாள். இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் இது 20,000 வெள்ளிக்கு மேல். இரண்டு ஆண்டுக்குக் கீழ் என்றால் ஆண்டுக்கு 10 நாள்தான். ஒப்பந்தக் காலம் தானாக முடிந்தால் அதுவும் இல்லை. வேலை இழந்தவர்களுக்கு உதவ 2018-இல் சொக்சோ தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்திலும், குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிவதை வேலை இழப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு வாசலிலும் அதே தேதி வழி மறிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துப்புரவு வேலைக்கு என்ன அனுபவம் வேண்டியிருக்கிறது என்று அலட்சியமாகப் பேசுவோர் ஒரு வார்டில் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பை முக்கால் நிறைந்ததும் கட்டிவிட வேண்டும், முழுக்க நிறைய விடக் கூடாது. ஊசிப் பெட்டியும் அப்படியே. பையை அமுக்கக் கூடாது, இழுத்துக்கொண்டு போகக் கூடாது, உடம்போடு சேர்த்துத் தூக்கவும் கூடாது. உள்ளே மூடி கழன்ற ஊசி ஒன்று இருந்தால் போதும். தொற்றுள்ள நோயாளி இருந்த அறையை, அவர் போனபின் கட்டில் கால், கைப்பிடி, அழைப்பு மணிப் பொத்தான், திரைச்சீலை என்று ஒன்று விடாமல் முறைப்படி சுத்தம் செய்யாவிட்டால் அடுத்த நோயாளிக்கு அந்தக் கிருமி போகும். தரையில் கொட்டிய இரத்தத்தை எந்த மருந்தை எவ்வளவு கலந்து எவ்வளவு நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும் என்பது ஒரு நாளில் வரும் பழக்கமா? புதிதாக வரும் பயிற்சித் தாதி, சாமான் எங்கே இருக்கிறது என்று இவர்களிடம்தான் கேட்கிறார். இந்த அனுபவத்தின் பலனை ஆஸ்பத்திரி ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொள்கிறது. கடிதத்தில் மட்டும் அவர் நேற்று வந்தவர்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தகராறு வந்ததும் தொழிலாளி முதலில் போவது ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம். அங்கே கிடைக்கும் பதில், "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, கம்பெனியைக் கேளுங்கள்" என்பது. கம்பெனியைக் கேட்டால், "முந்தைய ஆண்டுகள் பழைய குத்தகைக்காரரோடு முடிந்துவிட்டன" என்பது. பழைய குத்தகைக்காரரைத் தேடினால் அலுவலகமே இருக்காது. சட்டத்தின் பார்வையில் மூவருமே தவறு செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான்.

அதே 1980 விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வணிகம் ஒன்று கைமாறும்போது, புதிய உரிமையாளர் ஏழு நாளுக்குள் பழைய சலுகைகளுக்குக் குறையாத வேலை கொடுத்தால், சேவை அறுபடாமல் தொடர்ந்ததாகவே கொள்ள வேண்டும். தோட்டம் விற்கப்பட்டால் இந்த விதி பொருந்தும். பால் வெட்டும் பெண்ணின் இருபது ஆண்டு புதிய கம்பெனியின் கணக்கில் போய்ச் சேரும். ஆனால் ஆஸ்பத்திரிக் குத்தகை மாறும்போது யாரும் எதையும் விற்பதில்லை. ஒருவரின் ஒப்பந்தம் முடிகிறது, இன்னொருவரின் ஒப்பந்தம் தொடங்குகிறது. விதியில் இருக்கும் உரிமை மாற்றம் என்ற நிபந்தனைக்குள் இதைக் கொண்டுவருவது கடினம். தோட்டத்தில் இருந்தவரைக்கும் காத்த விதி, அதே பெண் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கைவிட்டுவிட்டது.

நீதிமன்றங்கள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. பினாங்கு ஹான் சியாங் பள்ளி ஆசிரியர்களின் வழக்கில், 1980-களிலேயே தொழில் நீதிமன்றம் இதைத் தொட்டது. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் உண்மையானதா, அல்லது நிரந்தர வேலையின் பாதுகாப்பைப் பறிக்கப் போட்ட வேடமா என்று அது ஆராய்ந்தது. 2020-இல் ஏய்ம்ஸ் சைபர்ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வழியைத் தெளிவாக்கியது. ஒரே குழுமத்தின் நிறுவனங்களுக்கிடையே மாற்றப்பட்டு, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்ட ஓர் ஊழியர் உண்மையில் நிரந்தர ஊழியரே என்று தீர்ப்பு வந்தது. இரு தரப்பின் எண்ணம் என்ன, வேலை கொடுத்தவர் நடந்துகொண்ட விதம் என்ன, வேலையின் தன்மை என்ன என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆஸ்பத்திரி வார்டைத் துடைக்கும் வேலையில் தற்காலிகம் என்று சொல்ல என்ன இருக்கிறது? நோயாளி இருக்கும்வரை அந்த வேலை இருக்கும். ஒரே கம்பெனி மறுபடி மறுபடி ஒப்பந்தம் போட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு தொழிலாளிக்குப் பெரிய பிடி. கம்பெனியே மாறிவிட்டால் பிடி தளர்கிறது. அதனால்தான் தீர்ப்புகள் மட்டும் போதாது, விதியே மாற வேண்டும் என்கிறேன்.

கடிதத்தில் ஒளிந்திருக்கும் இன்னொரு வரி, "நிறுவனம் தேவைப்படும் எந்த இடத்துக்கும் மாற்றலாம்" என்பது. படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். வாய் திறந்து கேள்வி கேட்கும் ஒருத்திக்கு ஈப்போவிலிருந்து சிலிம் ரிவருக்கு மாற்றல் வரும்போதுதான் அதன் கனம் தெரியும். காலை ஏழு மணி ஷிப்டுக்கு அங்கே போய்ச் சேர பஸ் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் காசு கட்டாது. மாற்றும் உரிமை முதலாளிக்கு உண்டு என்றாலும் அதற்கு எல்லை இருக்கிறது. தண்டிப்பதற்காக, கெட்ட எண்ணத்தோடு செய்த மாற்றலைத் தொழில் நீதிமன்றம் ஏற்பதில்லை. ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலாளி முறித்தால், தானே விலகிய தொழிலாளியும் நீக்கப்பட்டவராகக் கொள்ளப்படுவார் என்பதை 1988-இல் கேத்தே நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் இப்படி விலகுவது ஆபத்தான படி. ஆலோசனை கேட்காமல், கோபத்தில் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வழக்கில் தோற்றிருக்கிறார்கள்.

நேரம் கையை விட்டுப் போவதும் அடிக்கடி நடக்கிறது. நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் முறையிட 60 நாள்தான் அவகாசம். "மேனேஜர் பேசிச் சொல்கிறேன் என்றார், அதனால் காத்திருந்தேன்" என்ற பதிலை முறையீட்டை வாங்கும் அலுவலகத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள். சம்பளம், ஓவர்டைம், விடுப்புப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. துணைக் குத்தகைக்காரர் சம்பளம் தராமல் ஓடினால், வேலைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு மேலே இருக்கும் முதன்மை நிறுவனத்தையும் மூன்று மாதச் சம்பளம்வரை பொறுப்பாக்குகிறது. அதற்கும் 90 நாள் கெடு உண்டு.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒவ்வொரு வேலைக் கடிதத்தின் நகல், சம்பளச் சீட்டு, ஷிப்ட் பட்டியலைக் கைத்தொலைபேசியில் எடுத்த படம், இபிஎஃப் அறிக்கை. இந்தக் கடைசிக் காகிதத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மாதம் தவறாமல் சந்தா விழுந்த பட்டியல், இடையில் ஒரு நாளும் வேலை நிற்கவில்லை என்பதற்கு எழுத்து மூலமான சாட்சி. புதிய கடிதத்தைக் கொடுத்து உடனே கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு. மலாயில் இருக்கும் கடிதத்தைப் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். பழைய சேவையை விட்டுக்கொடுக்கிறேன், நானே விலகுகிறேன் என்ற வரி அதில் இருந்தால் சங்கத்தைக் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

மகளின் ஒப்பந்தம்

இந்தப் பெண்களில் பலருக்கு ஓர் ஆசை இருந்தது. தான் மோப் பிடித்த வார்டில் மகள் வெள்ளைச் சீருடையில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, நிற்க வேண்டும் என்பது. பிடிபிடிஎன் கல்விக் கடன் எடுத்துத் தனியார் கல்லூரிகளில் தாதிமைப் பட்டயம் படித்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் படித்து முடித்தவர்களில் பலர் வேலை கிடைக்காமல் திண்டாடியது பலருக்கு நினைவிருக்கும். வேலை கிடைத்தவர்களின் கையிலும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தாய்க்கு வந்தது கால ஒப்பந்தம். மகளுக்கு வந்தது பாண்ட்: இரண்டு மூன்று ஆண்டு இதே மருத்துவமனையில் வேலை செய்வேன், இடையில் போனால் இவ்வளவு வெள்ளி கட்டுவேன் என்ற பத்திரம்.

இங்கேயும் பயத்தைவிட விவரம் முக்கியம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் எழுதிய தொகைதான் உச்சவரம்பு. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். 1995-இல் ஒரு கிளினிக் விற்பனையில் எழுந்த வழக்கில், உண்மையான நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. பின்னாளில் வந்த ஒரு தீர்ப்பில் அந்தப் பிடி தளர்ந்தது. தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு இப்போது பெரும்பாலும் எதிர்ப்பவர் பக்கம் வந்துவிட்டது. எனவே பத்திரத்தில் சொன்ன பயிற்சி உண்மையில் நடந்ததா, எத்தனை நாள், பாண்ட் காலத்தில் எவ்வளவு ஏற்கெனவே வேலை செய்து தீர்த்தாய் என்பதற்கெல்லாம் எழுத்துச் சான்று வைத்துக்கொள், தங்கச்சி. விலகிய பின் ஓராண்டு ஈப்போவில் வேறு மருத்துவமனையில் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தால், அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவில் அந்த வரி செல்லாது.

சிங்கப்பூருக்கும் சவுதிக்கும் ஒப்பந்தத்தில் போகும் தாதியர், தங்களை அனுப்பும் ஏஜென்சியின் உரிமத்தை முதலில் தொழிலாளர் இலாகாவிடம் சரிபார்க்க வேண்டும். இங்கே நேர்முகத்தில் வாய்ப்பேச்சாகச் சொன்ன வார்டு, ஷிப்ட் நேரம், தங்குமிடம் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். இங்கேயே வேலை செய்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, 2023 ஜனவரி முதல் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேலைச் சட்டம் பொருந்துகிறது. ஓவர்டைம் போன்ற சில உரிமைகள் மட்டும் மாதம் 4,000 வெள்ளிவரை சம்பளம் வாங்குபவர்களுக்கே.

ஒப்பந்தம் டாக்டர்களையும் விடவில்லை. 2016 டிசம்பரில் தொடங்கிய ஒப்பந்த முறைக்கு எதிராக 2021 ஜூலை 26-இல் நாடு முழுக்க இளம் டாக்டர்கள் வார்டுகளிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2015-இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் சம்பளம், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்கு. வாக்கு காப்பாற்றப்படாததால் 2017 நவம்பரில் சென்னையில் டிஎம்எஸ் எனப்படும் மருத்துவத் துறை அலுவலக வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். டாக்டரின் ஒப்பந்தம் தலைப்புச் செய்தியானது. கூட்டும் அக்காவின் ஒப்பந்தத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

மூன்று அமைச்சர்கள்

மாற்றம் முடியாத காரியம் இல்லை. பிரிட்டனில் 2006 முதல் நடப்பில் இருக்கும் விதிகள்படி, சேவைக் குத்தகை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறினால் அந்த வேலையில் இருக்கும் ஆட்களும் அவர்களின் பழைய சேவை ஆண்டோடு, பழைய சலுகையோடு புதியவரிடம் போய்ச் சேர்வார்கள். நமக்கு இல்லாமல் போனது சரியாக இந்த ஒரு விதிதான். ஸ்காட்லாந்து 2008-இல் ஒரு படி மேலே போய், இனி ஆஸ்பத்திரித் துப்புரவைத் தனியாருக்கு விடமாட்டோம் என்று அறிவித்தது. லண்டனில் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் துப்புரவுத் தொழிலாளர்கள் 2019 இறுதியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களை மருத்துவமனை நிர்வாகமே நேரடி ஊழியர்களாக எடுத்துக்கொண்டது. இவை பணக்கார நாட்டுக் கதைகள் என்று ஒதுக்க வேண்டாம். சேவைத் தேதியை மாற்றாமல் வைப்பதற்கு எந்தப் பெரிய செலவும் இல்லை. ஆண்டுக்கு அதிகம் போனால் எட்டு நாள் விடுப்பும் அதே அளவு எம்சியும் கூடும், ஆள்குறைப்பு நேர்ந்தால் இழப்பீடு கூடும், அவ்வளவுதான்.

பேராக் தமிழர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து 2023 டிசம்பர்வரை இந்த நாட்டின் மனிதவள அமைச்சர்களாக அடுத்தடுத்து இருந்த மூவரும் இந்த மாநிலத்து இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஈப்போ பாராட்டின் எம். குலசேகரன், தாப்பாவின் எம். சரவணன், பத்து காஜாவின் வி. சிவகுமார். மூன்று தொகுதியிலும் மோப் பிடித்த வாக்காளர்கள் இருக்கிறார்கள். வேலைச் சட்டத்தின் பெரிய திருத்தமும் இந்தக் காலத்தில்தான் 2022-இல் நிறைவேறி 2023-இல் நடப்புக்கு வந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது. நல்ல திருத்தங்கள், பாராட்ட வேண்டியவை. குத்தகை மாறினாலும் சேவை தொடரும் என்ற வரி அதில் இல்லை. மூன்று கட்சி, மூன்று தலைமை என்று வேறுபாடு பேசி இதைத் தள்ளிவிட முடியாது. குலசேகரனும் சிவகுமாரும் ஒரே கட்சிக்காரர்கள். சரவணன் மஇகாவின் துணைத் தலைவர். அந்தத் தொகுதிகளின் அக்காமார்களுக்காக மூவரில் எவரும் அந்த ஒரு வரியைச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை.

சுங்கை சிப்புட்டில் பத்தாண்டு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சகநோய் மருத்துவராக வேலை செய்தவர் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ். அவரும் அவருடைய மலேசிய சோசலிசக் கட்சியும் அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர்களுக்காகத் தொடர்ந்து பேசி வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத் துப்புரவுத் தொழிலாளர், பாதுகாவலர், ஆஸ்பத்திரித் தொழிலாளர் மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, குத்தகை முறையையே ஒழிக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. முழுக்க ஒழிப்பது அரசாங்கத்துக்கு இன்றே முடியாது என்றால், அடுத்த துணைச்சேவை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையையாவது சுகாதார அமைச்சு எழுதட்டும்: ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைப் புதிய நிறுவனம் எடுக்க வேண்டும், அவர்கள் முதன்முதலில் அந்த மருத்துவமனையில் சேர்ந்த தேதியையே வேலைக் கடிதத்தில் எழுத வேண்டும், மீறினால் பணம் நிறுத்தப்படும். நாடாளுமன்றத்துக்குப் போகாமலே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேசையில் செய்யக்கூடிய மாற்றம் இது. 2015-இல் போட்ட ஒப்பந்தம் பத்தாண்டுக்கு. அதற்கு அடுத்ததில் இந்த நிபந்தனையைச் சேர்த்தீர்களா என்று சுகாதார அமைச்சைக் கேட்க வேண்டிய பொறுப்பு ஈப்போ பாராட், பத்து காஜா, தாப்பா, சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நால்வருக்கும் இருக்கிறது.